பனி ஏரியில் ஒரு ‘மோட்டார் நாய்’: வீட்டுப் பட்டறையில் பிறந்த பட்டை வண்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

ரஷ்யாவில், மாஸ்கோவுக்கு வடக்கே வோல்கா ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிறது ரீபின்ஸ்க் நீர்த்தேக்கம். 1941-இல் நீர் தேக்கத் தொடங்கி 1947-இல் முழுக் கொள்ளளவை எட்டிய இதன் பரப்பு ஏறத்தாழ 4,580 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழமோ 5.6 மீட்டர்தான். மொலோகா என்ற ஊர் முழுவதும் இதன் அடியில் மூழ்கிக் கிடக்கிறது. குளிர்காலம் வந்ததும் இந்தப் பரப்பு முழுவதும் உறைந்துவிட, தூண்டில்காரர்கள் பனிக்கட்டியில் துளையிட்டு, துளைக்கு அருகே சிறு முக்காலி போட்டு அமர்ந்து மீன் பிடிக்கிறார்கள். மீன் கரையோரத்தில் காத்திருப்பதில்லை. பழைய ஆற்றுப்படுகையின் விளிம்பு போன்ற ஆழமான இடங்களைத் தேடிக் கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும்; துளையிடும் துரப்பணம், கூடாரம், அடுப்பு, தீனி, மாற்றுடை எல்லாவற்றையும் கூடவே இழுத்துச் செல்ல வேண்டும்; மாலையில் மீனோடு திரும்பவும் வேண்டும். இந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் ரஷ்யர்கள் ‘மோட்டோசபாகா’, அதாவது மோட்டார் நாய், என்று செல்லமாக அழைக்கும் சிறு பட்டை வண்டி: தரையில் உருளும் டயர்களுக்குப் பதில் சுழலும் ரப்பர்ப் பட்டையில் ஓடுவது. ஆவணங்களிலும் விளம்பரங்களிலும் அதன் பெயர் ‘மோட்டோபுக்சிரோவ்ஷிக்’, அதாவது மோட்டார் இழுவைக்காரன். சறுக்குவண்டியை நாய்கள் முன்னால் இழுத்துச் செல்ல மனிதர் பின்னால் அமர்ந்து வரும் வடபுல வழக்கம் அந்தச் செல்லப் பெயரில் தெரிகிறது.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது யாரோ ஒருவர் செய்த ஒற்றை வண்டி அன்று. பல பட்டறைகளில், பல கைகளில், ஏறத்தாழ ஒரே அளவில் உருவாகிவரும் ஒரு வடிவம். அதன் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்து, இந்த வடிவம் ஏன் இப்படி அமைந்தது, எங்கே சரியாக வேலை செய்கிறது, எங்கே தோற்கிறது என்று ஆராய்வதே நோக்கம். தமிழில் ஒரு சிக்கல் உண்டு: மார்கழி மாதத்துப் புல்நுனியில் நிற்பதும் பனி, இமயமலையில் பொழிவதும் பனி, குளிர்பெட்டியில் உறைவதும் பனி. இந்தக் கட்டுரையில் பனி என்றால் வானிலிருந்து பொழிந்து கிடப்பது. பனிக்கட்டி என்றால் ஏரி நீர் உறைந்து ஆன தளம். இந்த வேறுபாட்டை மறந்தால் இந்த வண்டியைப் பற்றி எதுவும் விளங்காது.

முன்னோர்

ஓடுபட்டையைக் கொண்டு பனியில் போவது பெரிய தொழிற்சாலைகளின் யோசனையாகத் தொடங்கவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் செய்னர் என்ற சிற்றூரில் கார்ல் எலியாசன் என்பவர், காலில் இருந்த குறையால் நண்பர்களோடு பனியில் வேட்டைக்கு ஈடுகொடுத்து நடக்க முடியாமல், 1924-இல் ஒரு மோட்டார் சறுக்குவண்டியைச் செய்தார். படகுக்கு வெளியே பொருத்தும் 2.5 குதிரைத்திறன் எஞ்சின், ஃபோர்டு ‘மாடல் டி’ காரின் ரேடியேட்டர், சைக்கிள் பாகங்கள், மரக்கட்டைகள் பதித்த பட்டை ஆகியவைதான் அதன் மூலப்பொருள்கள். 1927-இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. கனடாவின் கியூபெக்கில் வால்கூர் என்ற ஊரில் 1907-இல் பிறந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே, 15 வயதில், 1922-இன் கடைசி நாளன்று, பழைய ஃபோர்டு எஞ்சினில் விசிறி மாட்டி ஓட்டிய பனிவண்டியைக் கண்டு பயந்த தந்தை அதைப் பிரித்துப் போடச் சொன்னார். 1934-இல் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன், பனி மூடிய சாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியின்றி இறந்தான். அடுத்த ஆண்டே அவர் ரப்பர் போர்த்திய பல்சக்கரமும் அதனோடு இணையும் பட்டையும் கொண்ட அமைப்பை வடித்துவிட்டார்; 1937-இல் அதற்குக் காப்புரிமை. பின்னர் அவருடைய ‘பி-12’ வண்டிகள் வினிபெக் ஏரியின் குளிர்கால வலைமீனவர்களிடம் போய்ச் சேர்ந்தன. வட்டச் சன்னல்களோடு கூடிய அந்த மரவுடல் வண்டிகளில் சில இன்றும் அங்கே வேலை பார்க்கின்றன.

ரஷ்யக் கிளை வேறு வழியில் வளர்ந்தது. ரீபின்ஸ்க் நகரத் தொழிற்சாலையில் 1971 முதல் ‘புரான்’ என்ற பனிவண்டி வெளிவரத் தொடங்கியது: இரண்டு பட்டைகள், முன்னால் ஒற்றைச் சறுக்குப் பலகை, பின்னோட்டப் பல்லிணை எல்லாம் உண்டு. அருமையான உழைப்பாளி. ஆனால் எடை கால் டன்னுக்கு மேல். அதை நகரத்து அடுக்ககத்தில் குடியிருக்கும் ஒருவரால் வைத்துக்கொள்ளவும் முடியாது, டிரெய்லர் இல்லாமல் ஏரிக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஆகவே கைவேலை தெரிந்தவர்கள், 1955 முதல் உற்பத்தியான ‘த்ருஷ்பா’ மரம் அறுக்கும் ரம்பத்தின் எஞ்சினையும், கன்வேயர் பெல்ட்டையும் வைத்துத் தாங்களே ஏதேதோ செய்து பார்த்தார்கள். 8 அல்லது 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள கன்வேயர் பெல்ட்டின் மேல், நீளவாக்கில் பிளந்த 40 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்த் துண்டுகளைக் குறுக்குக் கட்டைகளாக போல்ட் போட்டு முறுக்கினால் ஒரு பட்டை தயார். சோவியத் காலத்துக் கைவினை இதழ்களில் இத்தகைய வரைபடங்கள் மீண்டும் மீண்டும் வந்தன.

அந்தப் பரம்பரைக்குள் இரண்டு பொருள்கள் வந்து சேர்ந்ததும் மோட்டார் நாய் தன் இன்றைய வடிவத்தை அடைந்தது. ஒன்று, புரானின் உதிரிப்பாகமாகக் கடையில் கிடைக்கும் வார்ப்பு ரப்பர்ப் பட்டை. மற்றொன்று, நம் ஊரில் பவர் வீடரிலும் சிறு ஜெனரேட்டரிலும் உட்கார்ந்திருக்கும் அதே வகை, காற்றால் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் சீன எஞ்சின். ஹோண்டாவின் ‘ஜிஎக்ஸ்’ வரிசையைப் பார்த்து வார்க்கப்பட்ட இந்த எஞ்சின்கள் மலிவானவை, எங்கும் கிடைப்பவை, எந்தக் குக்கிராமத்து மெக்கானிக்குக்கும் பழகியவை.

வண்டியின் உடற்கூறு

நம் வடிவத்தின் அளவுகள் இவை. புரான் பட்டையின் அகலம் 380 மில்லிமீட்டர். சுற்றளவு 2,878 மில்லிமீட்டர். பல் விழும் இடைவெளி 50.5 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் 57 பற்குழிகள் வரும். 9 பற்கள் கொண்ட ஓட்டுசக்கரம் ஒருமுறை சுழன்றால் பட்டை ஏறத்தாழ 454 மில்லிமீட்டர் நகரும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி சுமார் 1.2 மீட்டர்; தரையில் படியும் நீளம் ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும். பட்டைக்கு மேலே இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் 6.5 குதிரைத்திறன் எஞ்சின், பக்கவாட்டில் வேரியேட்டர் (வேகத்துக்கேற்பச் சுழற்சி விகிதத்தைத் தானாக மாற்றும் பெல்ட் அமைப்பு), அதிலிருந்து செயின் வழியாக ஓட்டுசக்கரத்துக்கு விசை. பின்பக்கம் நீண்ட கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுபவர் வண்டியில் ஏறுவதில்லை. வண்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டிய பிளாஸ்டிக் சறுக்குத் தொட்டியில் அமர்ந்து, அந்தக் கைப்பிடியை இடமும் வலமும் தள்ளித் திருப்புகிறார். ஸ்டீயரிங் இல்லை, சறுக்குப் பலகை இல்லை, இருக்கை கூட இல்லை. மொத்த எடை 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 90 கிலோ தற்செயலாக வந்தது அன்று. இரண்டு பேர் தூக்கினால் காரின் பின்பக்கத்தில் ஏறிவிட வேண்டும். சிக்கிக்கொண்டால் ஒரே ஆள் ஒரு முனையைத் தூக்கிப் பக்கத்தில் நகர்த்திவிட வேண்டும். மற்ற முடிவுகள் எல்லாம் இந்த ஓர் எண்ணுக்குக் கீழ்ப்பட்டு வந்தவை. இதைப் புரிந்துகொள்ளாத வண்டிகள்தாம் பெரும்பாலும் தோற்கின்றன என்பது என் கணிப்பு. அதற்கான கணக்கைக் கீழே தருகிறேன்.

பனியும் பனிக்கட்டியும்: இரு வேறு கணக்கு

காவிரிப் படுகையில் மழைக்குப் பின் சேறாகிவிட்ட வயலில் டயர் வைத்த அறுவடை இயந்திரம் இறங்காது, ‘பெல்ட் வண்டி’தான் இறங்கும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். காரணம் நிலத்தின்மேல் விழும் அழுத்தம். அதே காரணம்தான் பனியிலும். 90 கிலோ வண்டியின் எடை 0.38 சதுர மீட்டர் பரப்பில் பரவினால், சதுர சென்டிமீட்டருக்கு 0.024 கிலோ. அதே 90 கிலோ எடையுள்ள மனிதர் ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில், பூட்ஸின் அடிப்பரப்பை 280 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், அழுத்தம் 0.32 கிலோ. வண்டியின் அழுத்தம் அதில் பதின்மூன்றில் ஒரு பங்குதான். முழங்கால் வரை ஆள் புதையும் பனியில் வண்டி மிதந்து போவதன் மர்மம் இவ்வளவே. ஆளும் சாமான்களும் சேர்ந்து 170 கிலோ ஏறிய சறுக்குத் தொட்டியின் அடிப்பரப்பு ஒரு சதுர மீட்டர் என்றால் அதன் அழுத்தம் 0.017 கிலோ, ஆக, இழுப்பதும் இழுபடுவதும் கிட்டத்தட்ட ஒரே ஆழத்தில் மிதக்கின்றன. ஓட்டுபவரை வண்டிமேல் ஏற்றாமல் பின்னால் இருத்தியதன் பயன் இங்கே தெரிகிறது.

ஆனால் இந்தக் கணக்கைப் பனிக்கட்டிக்குக் கொண்டுபோனால் ஆபத்து. “பட்டை வைத்த வண்டி, எடை பரவிவிடும், மெல்லிய பனிக்கட்டியிலும் போகலாம்” என்று நம்புகிறவர்கள் உண்டு. அது தவறு. பனிக்கட்டித் தளம் நீரின்மேல் மிதக்கும் ஒரு தகடு. சுமை விழுந்த இடத்தில் மட்டும் அது தாங்குவதில்லை, சுற்றிலும் பல மீட்டர் தூரத்துக்கு வளைந்து தாங்குகிறது. 20 சென்டிமீட்டர் தடிப்புள்ள பனிக்கட்டிக்கு அந்த வளைவின் அளவுகோல் நான்கு மீட்டருக்கு மேல் வரும். நான்கு மீட்டர் அளவில் வளையும் தகட்டுக்கு, சுமை ஒரு மீட்டர் பட்டையில் வந்தாலும் இரண்டு பூட்ஸில் வந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. அது பார்ப்பது மொத்த எடையை. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த கோல்டு 1971-இல் முன்வைத்த எளிய சூத்திரம் இதையே சொல்கிறது: தாங்கும் எடை தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிப்பைச் சென்டிமீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, எச்சரிக்கையான மதிப்பாகிய 3.5-ஆல் பெருக்கினால் கிலோவில் விடை வரும். 10 சென்டிமீட்டருக்கு 350 கிலோ. 20 சென்டிமீட்டருக்கு 1,400 கிலோ. வண்டி, தொட்டி, ஆள் எல்லாம் சேர்ந்த 260 கிலோவுக்கு இந்தச் சூத்திரப்படி 9 சென்டிமீட்டரே போதும் என்று ஆகும்.

யாரும் அப்படிப் போகக் கூடாது. சூத்திரம் விரிசல் இல்லாத, தெளிந்த, குளிர்ந்த பனிக்கட்டிக்கானது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில இயற்கை வளத் துறை, நடப்பவருக்கு 10 சென்டிமீட்டர், பனிவண்டிக்கு 13 முதல் 18 சென்டிமீட்டர் என்று சொல்வதோடு, பனி ஊறி உறைந்த வெள்ளைப் பனிக்கட்டியாக இருந்தால் அந்தத் தடிப்பை இரட்டிப்பாகக் கொள்ளவும் சொல்கிறது. ரீபின்ஸ்க்கில் இன்னொரு சிக்கல் உண்டு: குளிர்காலத்தில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே வருவதால் கரையோரத்துப் பனிக்கட்டி தரையில் சாய்ந்து விரிகிறது, சில இடங்களில் அடியில் தண்ணீரே இல்லாமல் தொங்குகிறது. ஏரியின் நடுவில் அரை மீட்டர் தடிப்பு இருக்கும் நாளிலும், ஏறும் இடமும் இறங்கும் இடமுமே மோசமாக இருப்பது இதனால்தான்.

வேகத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மிதக்கும் தகட்டின்மேல் சுமை நகரும்போது அதன் அடியில் உள்ள நீரிலும் ஓர் அலை கூடவே நகர்கிறது. ஆழமற்ற நீரில் அந்த அலையின் வேகமும் வண்டியின் வேகமும் ஒன்றாகிவிட்டால் வளைவு பெருகும். லடோகா ஏரியின் பனிக்கட்டிமேல் 1941 நவம்பர் 22 அன்று, ஜெர்மானிய முற்றுகையில் இருந்த லெனின்கிராடுக்கு உணவு கொண்டுவரப் புறப்பட்ட லாரிகளுக்கு இதுவே பெரும் தலைவலியாக இருந்தது. நாவும் ரெய்னோவ் முதலிய இயற்பியலாளர்கள் கருவி வைத்துப் பனிக்கட்டியின் அசைவை அளந்து, தவிர்க்க வேண்டிய வேகங்களைக் கண்டறிந்தார்கள். ரீபின்ஸ்க்கின் சராசரி ஆழமான 5.6 மீட்டருக்கு அந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர்; நம் வண்டியின் உச்சவேகத்தை ஒட்டியே இருக்கிறது. 30 சென்டிமீட்டர் பனிக்கட்டியில் 260 கிலோ ஒரு பொருட்டே அன்று. பருவத்தின் தொடக்கத்தில், மெல்லிய பனிக்கட்டியில், இரண்டு மீட்டர் ஆழமுள்ள கரையோரத்தில், அதே அலை மணிக்கு 16 கிலோமீட்டரிலேயே சேர்ந்துகொள்கிறது. அங்கே மெதுவாகப் போவது கோழைத்தனம் ஆகாது.

குதிரைத்திறன் என்ற மயக்கம்

முதல் குளிர்காலம் முடிந்ததும் பெரும்பாலான பட்டறைகளில் நடக்கும் மாற்றம் எஞ்சினைப் பெரிதாக்குவது. ஒருமுறை சிக்கிக்கொண்ட அனுபவத்துக்கு மனம் உடனே சொல்லும் மருந்து அது. கணக்கு வேறு சொல்கிறது.

6.5 குதிரைத்திறன் என்பது 4.8 கிலோவாட். வேரியேட்டர், செயின், பட்டை மடிந்து விரியும் உராய்வு எல்லாவற்றிலும் 40 விழுக்காடு போய்விடுகிறது என்று தாராளமாகக் கழித்தாலும், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் 130 கிலோவுக்கு மேற்பட்ட இழுவிசை மீதி இருக்கும். ஆனால் 90 கிலோ வண்டியின் பட்டை இறுகிய பனியைப் பற்றிக்கொள்வது, பிடிப்பு எண்ணை 0.5 என்று கொண்டால், 45 கிலோ அளவுக்குத்தான். அதற்கு மேல் எஞ்சின் தந்தால் பட்டை வழுக்கிச் சுழன்று தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். மணிக்கு 25 கிலோமீட்டரில் அதே எஞ்சின் தரும் விசை 43 கிலோவாகக் குறைந்து பிடிப்போடு சமமாகிறது. ஆக, இந்த எஞ்சின் இந்த எடைக்குச் சரியாகப் பொருந்தியது. வகுத்துப் பார்த்தால் வேரியேட்டரின் வேலையும் தெளிவாகும்: எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்றில் ஓடும்போது, 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மொத்தக் குறைப்பு விகிதம் ஏறத்தாழ 3.9, எட்டு கிலோமீட்டருக்கு 12.3. நடுவில் உள்ள மூன்று மடங்கு வேறுபாட்டை வேரியேட்டர் தானாகவே கடக்கிறது. வேரியேட்டர் இல்லாமல் வெறும் மையவிலக்கு கிளட்சும் செயினும் வைத்தவர்கள் இந்த இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கிறார்கள். கிளட்ச் அரைகுறையாகப் பிடித்துக் காய்ந்து கருகுவது பெரும்பாலும் அங்கேதான்.

13 குதிரைத்திறன் எஞ்சினைப் போட்டால் என்ன ஆகும்? ‘ஜிஎக்ஸ்200’ வகையின் எடை 16 கிலோ, ‘ஜிஎக்ஸ்390’ வகையின் எடை 31 கிலோ. கூடிய 15 கிலோவால் பிடிப்பு ஏழு கிலோ சொச்சம் கூடும். அதாவது இழுவை கூடியது எடையால். திறன் இரட்டிப்பானதால் அன்று. பதிலுக்கு எரிபொருள், சட்டத்தின் கனம், வலுவான செயின் எல்லாம் பின்தொடர்ந்து வந்து, 90 கிலோ வண்டி 120-ஐத் தாண்டி, ஒரே ஆள் தூக்க முடியாத பொருளாகிவிடும். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஆழமான, ஈரம் ஊறிய பனியில் பனியை நசுக்குவதற்கே திறன் நிறையச் செலவாகும், இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு அத்தகைய இடங்களில் போகிறவர்கள் 9 குதிரைத்திறன் வரை போவதற்குக் காரணம் உண்டு. அதற்கு மேல் பெரும்பாலும் சத்தம்தான்.

இழுபடும் பக்கத்தையும் பார்க்கலாம். 170 கிலோ தொட்டி, மிதிபட்டு இறுகிய தடத்தில் 17 கிலோ அளவில் எதிர்க்கும். புதுப்பனியில் 40-ஐத் தொடும், அதாவது வண்டியின் பிடிப்பு முழுவதையும் தின்றுவிடும். காற்று பனியைத் துடைத்தெடுத்த வெறும் பனிக்கட்டியில் ரப்பரின் பிடிப்பு எண் 0.1 அளவுக்கு விழுந்துவிட, வண்டியிடம் மிஞ்சுவது 9 கிலோ. தொட்டியின் எதிர்ப்பும் கிட்டத்தட்ட அவ்வளவே. எதிர்காற்று வீசினால் வண்டி நின்ற இடத்தில் சுழலும். இதற்கு எஞ்சின் மருந்தாகாது. குறுக்குக் கட்டைகளில் எஃகுத் திருகாணிகளை முனை வெளியே தெரியப் பதிப்பதுதான் மருந்து. நிறுத்துவதற்கும் அவை வேண்டும்: வழுக்குத் தளத்தில் முன்னால் உள்ள 90 கிலோ நின்றுவிட, பின்னால் உள்ள 170 கிலோ நிற்காமல் வந்து முட்டும்.

பனிச்சகதி

மோட்டார் நாயின் உண்மையான எதிரி ஆழமான பனியோ மெல்லிய பனிக்கட்டியோ அன்று. இரண்டுக்கும் நடுவே மறைந்து கிடக்கும் தண்ணீர். 30 சென்டிமீட்டர் பனிக்கட்டி மிதக்கும்போது நீர்மட்டத்துக்கு மேலே தெரிவது இரண்டரை சென்டிமீட்டர்தான். அதன்மேல் பத்து சென்டிமீட்டர் இறுகிய பனி விழுந்தால், சதுர மீட்டருக்கு 25 கிலோ சுமை ஏறி, அந்த இரண்டரை சென்டிமீட்டரும் மூழ்கிவிடும். அதற்கு மேலும் பனி பெய்தால், விரிசல் வழியாகவும் தூண்டில்காரர்கள் போட்ட பழைய துளைகள் வழியாகவும் ஏரிநீர் மேலே ஏறிப் பனியின் அடிப்பகுதியை நனைத்துக் கூழாக்குகிறது. மேலே உள்ள பனி கம்பளி போலப் போர்த்திக்கொள்வதால், வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது டிகிரி இருந்தாலும் அந்தக் கூழ் உறைவதில்லை. மேலிருந்து பார்த்தால் எந்த அடையாளமும் இல்லை. வெள்ளை வெளேரென்ற சமவெளி. பட்டை போன தடத்தைத் திரும்பிப் பார்த்தால் மட்டும் அது சாம்பல் நிறமாக மாறிக்கொண்டே வரும்.

இங்கேதான் தொங்கமைப்பு (சஸ்பென்ஷன்) பற்றிய பழைய சர்ச்சை வருகிறது. பட்டையின் உள்பக்கம் தரையை அழுத்துவதற்கு இரண்டு வழிகள் உண்டு: பிளாஸ்டிக் பூசிய நீண்ட சறுக்குச் சட்டங்கள், அல்லது வரிசையாக ரப்பர் உருளைகள். சறுக்குச் சட்டம் எடை குறைந்தது, எளியது, சகதியை உள்ளே தங்கவிடாதது. ஆனால் அதற்குக் குளிர்ச்சியும் வழவழப்பும் தருவது பட்டைக்குள் தெறிக்கும் பனித்தூள். வெறும் பனிக்கட்டியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் விரட்டினால் பிளாஸ்டிக் சூடேறி இளகிப் பட்டையோடு இழுபடத் தொடங்கும். உருளைகளுக்கு அந்தக் கவலை இல்லை. பதிலுக்குச் சகதி உருளைகளுக்கும் பேரிங்குகளுக்கும் நடுவே புகுந்துகொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மீன் கடிக்கிறதென்று ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பினால், வேரியேட்டர் பெல்ட் முனகும், ரப்பர் கருகும் நாற்றம் வரும், பட்டை அசையாது. குனிந்து பார்த்தால் உருளை, அச்சு, பட்டையின் உள்விளிம்பு மூன்றும் ஒரே வார்ப்பாகச் சாம்பல்நிறப் பனிக்கட்டியில் உறைந்திருக்கும். ரீபின்ஸ்க் போன்ற பரப்பில் காலையில் வெறும் பனிக்கட்டியும் நண்பகலில் சகதியும் ஒரே பயணத்தில் வந்துவிடுகின்றன. சறுக்குச் சட்டத்தோடு முன்னும் பின்னும் சில உருளைகளைக் கலந்து வைக்கும் ஏற்பாடு இரண்டுக்கும் இடைப்பட்ட சமரசம். அழகில்லாதது, ஆனால் நானாக இருந்தால் அதையே தேர்ந்தெடுப்பேன்.

சகதியில் இறங்கிவிட்டதை உணர்ந்த கணத்தில் செய்யக்கூடாதது நிறுத்துவது. விசையைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பெரிய வட்டமாகத் திரும்பி வந்த தடத்துக்கே போக வேண்டும். நின்றுவிட்டால், தொட்டியைக் கழற்றிவிட்டு, வண்டியை மட்டும் மெதுவான வேகத்தில் வெளியே நடத்தி, பிறகு கயிறு கட்டித் தொட்டியை இழுக்க வேண்டும். 90 கிலோவுக்கு இது ஐந்து நிமிட வேலை. கால் டன் வண்டிக்கு அது ஒரு பகல்.

எஞ்சினின் குளிர்நோய்கள்

இந்த எஞ்சின்கள் குளிருக்காகப் பிறந்தவை அல்ல. தோட்டத்துக்காகவும் கட்டுமான இடத்துக்காகவும் பிறந்தவை. ஆகவே இரண்டு நோய்கள் தவறாமல் வரும். முதலாவது, கிரேங்க் அறையின் மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்வது. உள்ளிருந்து வரும் ஈரக்காற்று அந்த ரப்பர்க் குழாயில் குளிர்ந்து உறைந்து நாளடைவில் மூடிவிட, உள்ளழுத்தம் ஏறி, எண்ணெய் கசியாமல் அடைக்கும் ‘சீல்’ வளையத்தை வெளியே தள்ளிவிடும். பனியில் கறுப்பாகச் சொட்டியிருப்பதைப் பார்த்துத்தான் பலரும் இதை அறிகிறார்கள். குழாயில் எஞ்சினுக்கு அருகே, சூடு எட்டும் இடத்தில், ஒரு சிறு துளை போட்டுவிடுவது எளிய தீர்வு. குழாய் முழுவதும் சூடான பகுதியை ஒட்டியே போகும்படி மாற்றுவது அதைவிட நல்ல தீர்வு. இரண்டாவது நோய் கார்புரேட்டரில் பனி கட்டுவது. இது கடுங்குளிரைவிடப் பூஜ்ஜியத்தை ஒட்டிய ஈரப்பதமான நாள்களில்தான் அதிகம். அதனால் பலர் காரணம் புரியாமல் பெட்ரோலைக் குறை சொல்கிறார்கள். சைலன்சரைச் சுற்றி ஒரு தகரத் தொப்பி மாட்டி, அங்கிருந்து சூடான காற்றைக் காற்று வடிகட்டிக்குக் கொண்டுவந்தால் போதும்.

எண்ணெயும் மாற வேண்டும். கோடைக்கான கனத்த எண்ணெய் இருந்தால் விடியற்காலையில் கயிற்றை இழுக்கவே முடியாது. குளிரிலும் இளக்கமாக நிற்கும் செயற்கை எண்ணெய் கட்டாயம்.

எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைக்கம்பி உறைவது மற்றொன்று. இது சிறிய விஷயம் போலத் தெரிந்தாலும் இந்த வண்டியில் மிக ஆபத்தானது. சகதி தெறித்து விசைக்கம்பியின் உறைக்குள் போய் உறைந்தால், கைப்பிடியை விட்டாலும் எஞ்சின் வேகம் இறங்காது. ஓட்டுபவர் வண்டிமேல் இல்லை, பின்னால் தொட்டியில் இருக்கிறார். ஒரு பனிமேட்டில் தொட்டி கவிழ்ந்து அவர் விழுந்தால், நாய் எஜமானை விட்டுவிட்டு அடிவானத்தை நோக்கிப் போய்விடும், கூடவே கூடாரமும் மாற்றுடையும் செல்பேசியும். ஆகவே மணிக்கட்டில் மாட்டிய கயிறு பிடுங்கப்பட்டதும் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச் இல்லாத வண்டியை முடிவடைந்த வண்டியாகக் கொள்ளக் கூடாது. பனிக்கட்டி உடைந்து விழுந்தால் விளிம்பில் குத்தி ஏறுவதற்கான இரண்டு கூர்முனைப் பிடிகளைத் தொட்டியில் வைக்கக் கூடாது, கழுத்தில் தொங்கவிட வேண்டும் என்பதற்கும் காரணம் அதுவே.

மதிப்பீடு

இந்த வடிவத்தில் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. பின்னோட்டம் இல்லாதது ஒன்று. கனமான பல்லிணைப் பெட்டி வைத்தால் தூக்கும் எடை என்ற விதி உடைந்துவிடும் என்பதால் அதை மன்னிக்கலாம். நல்ல நிறுத்தி (பிரேக்) இல்லாமல் விற்கவும் ஓட்டவும் படுவது மற்றொன்று. அதை மன்னிக்க முடியாது, ஓட்டுசக்கர அச்சில் ஒரு சிறு வட்டுநிறுத்தி வைக்க இரண்டு கிலோ கூடச் செலவாகாது. அகலத்தைப் பொறுத்தவரை, 380 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 500 மில்லிமீட்டர்ப் பட்டை போட்டால் மிதப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆழ்பனிப் பகுதிகளில் அது சரி. ஆனால் திருப்பும்போது கைப்பிடியை அதிகமாகத் தள்ள வேண்டும்; நாள் முழுக்கத் துளையிட்டுச் சோர்ந்த தோள்களுக்கு மாலையில் அந்த வேறுபாடு தெரியும். பட்டையைத் தரையில் படியும் நீளத்தில் கூட்டுவது இதைவிட மோசம், 1.2 மீட்டரைத் தாண்டினால் வண்டி நேராகப் போவதையே விரும்பும்.

கன்வேயர் பெல்ட்டில் கைப்பட்டை செய்வது இன்றும் சரிதானா என்று கேட்டால், கடைப்பட்டை எட்டும் விலையில் கிடைக்கும் இடத்தில் வேண்டாம் என்பேன். பல் விழும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் பிசகினால், அந்தப் பிழை ஐம்பது அறுபது பற்குழிகளில் கூடிக்கொண்டே போய்ப் பல்சக்கரம் ஏறித் தாண்டத் தொடங்கும். குளிரில் விறைக்கும் பெல்ட்டில் அந்தத் தாண்டல் சுத்தியல் அடி போலக் கேட்கும்.

கரைக்குத் திரும்பியதும் எஞ்சினை உடனே அணைப்பதில்லை. தொட்டியைக் கழற்றி, வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, விசையைச் சற்றே கொடுத்தால் பட்டை காற்றில் சுழன்று சகதியை உதறும். பட்டை நின்ற பிறகு, மிச்சத்தை மரச் சுத்தியலால் தட்டி எடுக்கிறார்கள், இரும்பால் தட்டினால் குளிரில் விறைத்த ரப்பர் வெடிக்கும். அன்று காரில் ஏற்றாமல் அங்கேயே இரவு தங்குவதானால், பட்டை தரையில் படாதபடி இரண்டு மரப்பலகைகளைக் குறுக்கே போட்டு அதன்மேல் ஏற்றி நிறுத்துவார்கள். பலகை கிடைக்காத இடத்தில் மரக்கிளைகளை வெட்டிப் பரப்புவதும் உண்டு.